விழுந்த பந்தை எடுக்காத கோல்கீப்பர்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி இருக்கும். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். எங்கள் ஆமத்தூர் அணிக்கு அது அரையிறுதி ஆட்டம். இரண்டு கோல் போட்டு முன்னால் நிற்கிறோம், முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. அப்போது எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து பந்தை உதைத்தான். அப்படியொன்றும் பெரிய உதை இல்லை. எங்கள் கோல்கீப்பர் பால்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வேண்டிய பந்து.

பிடிக்கத்தான் செய்தான். ஆனால் பிடித்த பந்து நெஞ்சில் தட்டி, கை நழுவி, காலடியில் விழுந்துவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் பந்தின் மேல் குப்புற விழுந்து அமுக்கியிருப்பார்கள். பால்பாண்டி பந்தைப் பார்த்தான். இரண்டு கையையும் விரித்தான். திரும்பினான். கோல் கம்பத்தைத் தாண்டி வெளியே ஓடினான். பதினைந்து அடி போய்த்தான் நின்றான். எதிரணிப் பையன் நிதானமாக நடந்து வந்து, வாசலில் கிடக்கும் செருப்பை ஒதுக்குவதுபோலப் பந்தை உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

மைதானமே சிரித்தது. மைக்கில் வர்ணனை செய்துகொண்டிருந்தவருக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை. மேற்கு ஓரத்தில் எங்கள் கம்பெனி ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். அங்கே மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் என்ன செய்தான் என்று அவர்களுக்குத் தெரியும். அதை அவனுக்குப் பழக்கிவிட்டவன் நான்தான் என்பதும் தெரியும்.

ஒரு வாசகரின் கோபம்

போன வாரம் இந்தப் பக்கத்தில், போகிற போக்கில் எங்கள் கால்பந்து அணியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். பட்டாசு ஊரில் யாரய்யா கால்பந்து ஆடுகிறார்கள், தொடர் நீள வேண்டும் என்பதற்காகக் கதை விடாதீர் என்கிறார். ஊர் பெயர் போடவில்லை. கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

ஐயா, நான் கதை விடுகிற ஆள் இல்லை. ஆமத்தூருக்கும் திருத்தங்கலுக்கும் இடையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அதாவது, உள்ளே வேலை பார்க்கும் அத்தனை பேரும் சாயங்காலம் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்குப் பொறுப்பாளி. கதை விட நேரம் கிடைக்கும் உத்தியோகம் இல்லை அது.

காலை ஏழு மணியிலிருந்து நான் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி ‘கூடாது’தான். ஓடக் கூடாது. எதையும் தரையில் இழுக்கக் கூடாது. தூக்கிப் போடக் கூடாது. காலால் நகர்த்தக் கூடாது. ஒருவர் மேல் ஒருவர் இடிக்கக் கூடாது. ரூமுக்கு இத்தனை பேர் என்றால் அத்தனை பேர்தான், அதற்கு மேல் ஒருவர் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. நுழையும் முன்னால் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கிவிடும். இத்தனையையும் ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் கடைப்பிடித்தால் அவனுடைய நடையே மாறிப்போகும். எங்கள் ஆட்களைக் கல்யாண வீட்டில் பாருங்கள், பாயசத் தம்ளரைக் கூடக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலத்தான் வைப்பார்கள்.

வெயில் ஏறுவதற்குள் முக்கியமான வேலைகளை முடித்துவிடுவோம். நாலு மணிக்கெல்லாம் குளித்துக் கை கழுவி வெளியே வந்துவிடுவார்கள். வந்ததும் நேராகத் தண்ணீர் வற்றிக் கிடக்கும் கண்மாய்க்குப் போவார்கள். அங்கே போய் என்ன செய்வார்கள் என்றால், ஓடுவார்கள். உதைப்பார்கள். இடிப்பார்கள். தொண்டை கிழியக் கத்துவார்கள். நாள் முழுக்க என்னென்ன கூடாது என்று நான் சொன்னேனோ அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தால் அதற்குப் பெயர் கால்பந்து. அது ஏன் எங்களுக்குப் பிடிக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் எனக்குத் தெரியாது.

கிரிக்கெட் ஆடலாமே என்று ஒருவர் கேட்டார். ஆடிப் பார்த்தோம். பாதி நேரம் ஓர் இடத்தில் நின்று காத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் பகலெல்லாம் செய்கிறோமே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சில வருஷங்களுக்கு முன்னால் உலகக் கோப்பை சமயத்தில், எங்கள் தரைச்சக்கரப் பெட்டிக்குக் கால்பந்து வீரர் படம் போட்ட லேபிள் வேண்டும் என்று திருத்தங்கலில் ஒரு அச்சகத்துக்கு ஆர்டர் கொடுத்தோம். படம் வரைந்தவர் வாழ்நாளில் கால்பந்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வீரர் பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் காற்றை உதைத்துக்கொண்டிருந்தார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்தச் சக்கரம் அந்த சீசனில் நன்றாகவே விற்றது.

திங்கட்கிழமைத் தட்டு

பால்பாண்டிக்கு வருகிறேன். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கம்பெனி வாசலுக்குள் என்னைப் ‘போர்மேன்’ என்று கூப்பிடுவான், வாசலைத் தாண்டிவிட்டால் ‘ஏலே தங்கவேலு’தான். நாலாம் ரூமில் வெடிமருந்து கலக்குகிறவன். எங்கள் தொழிலில் அதற்கு மேல் பொறுப்பான வேலை கிடையாது. அவ்வளவு சாந்தமான கை வேண்டும். அந்தக் கையை நம்பித்தான் அவனைக் கோலில் நிறுத்தினோம். பத்துப் பந்து வந்தால் ஒன்பதைச் சத்தமே இல்லாமல் வாங்குவான்.

பத்தாவது பந்துதான் பிரச்சினை. அதற்குக் காரணம் நான் ஏற்படுத்திய ஒரு வழக்கம்.

மனுஷக் கைக்கு ஒரு குணம் உண்டு. எது விழுந்தாலும் பிடிக்கப் போகும். சமையல்கட்டில் கரண்டி விழுந்தால்கூட, யோசிக்கும் முன்னால் கை போய்விடும். மருந்து ரூமில் அந்தக் குணம் ஆளைக் கொன்றுவிடும். விழுந்தால் விழுந்ததுதான். குனியக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, பக்கத்துக் கதவு வழியே நேராக வெளியே போய்விட வேண்டும். இதைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம். பலகையைக் கண் படிக்கும், கை படிக்காது.

நான் போர்மேன் ஆவதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இருந்தேன். என் பக்கத்து ரூமில் ஒருவர், விழுந்த தட்டைப் பிடிக்கக் குனிந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன். அவருடைய மனைவி இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்.

அதனால் எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு வழக்கத்தை நானாக வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில், மருந்து வருவதற்கு முன்னால், வெறும் ரூமுக்குள் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது போவேன். ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். பேசிக்கொண்டே காலி மரத்தட்டு ஒன்றைத் தட்டிவிடுவேன். அது விழுந்த சத்தம் அடங்குவதற்குள் எல்லோரும் வெளியே போயிருக்க வேண்டும். யார் கையாவது தட்டை நோக்கிப் போனால், அடுத்த திங்கள் வரை அவருக்கு ரூமுக்குள் வேலை கிடையாது, முற்றத்தில்தான்.

பால்பாண்டி பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட முற்றத்துக்குப் போனதில்லை. அவ்வளவு சுத்தமாகப் படித்த கை. அந்தப் படிப்பைத்தான் விருதுநகர் மைதானத்தில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் செய்த தப்பு

ஒரு கோல் வாங்கினாலும் அரையிறுதியை ஜெயித்துவிட்டோம். இறுதி ஆட்டம் இரண்டு வாரம் கழித்து, விருதுநகர் மிளகாய் மண்டி லோடுமேன்களோடு. மூட்டை தூக்கித் தூக்கி ஒவ்வொருவனும் கதவு அகலத்துக்கு இருப்பான். பால்பாண்டி ஓடியதை அவர்களும் பார்த்துவிட்டார்கள். அவன் கையிலிருந்து பந்து எப்போது நழுவும் என்று காத்திருப்பார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். ஆமத்தூர் விலக்கில் இறங்கியதும் என் கையைப் பிடித்து நிறுத்தினான். விழுந்த பந்தை எடுக்கத் தனக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றான். வேண்டாம் என்று சொல்லும் புத்தி எனக்கு இருந்திருக்க வேண்டும்.

“ஏலே, உள்ள இருக்கிற நேரம் பூரா எது கையிலருந்து விழுந்துருமோன்னே இருக்கேன். இங்கன ஒண்ணுதான் விழுந்தா ஒண்ணும் ஆகாது. இதையாவது விழுந்தபெறகு நான் எடுத்துக்கிடுதேனே” என்றான்.

இதைக் கேட்ட பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. எனக்கும் கோப்பை ஆசை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம், தினமும் கண்மாயில், நான் பந்தை அவன் நெஞ்சில் எறிவேன். அவன் வேண்டுமென்றே கீழே விடுவான். விட்டதும் மேலே பாய வேண்டும். முதல் நாள் முழுக்க ஓடினான். இரண்டாம் நாள் பாதி ஓடி, பாதி திரும்பினான். நாலாம் நாள் பாய்ந்தான். சனிக்கிழமைக்குள் கோழிக்குஞ்சைப் பருந்து அமுக்குவதுபோல அமுக்கத் தொடங்கிவிட்டான். உடம்பெல்லாம் செம்மண்ணோடு சின்னப் பையன்போலச் சிரித்தான். நானும் கைகொட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

அடுத்து திங்கட்கிழமை வந்தது. நாலாம் ரூமுக்குப் போனேன். பால்பாண்டியும் அவனுடைய கூட்டாளியும் உட்கார்ந்திருந்தார்கள். மழை வருமா வராதா என்று ஏதோ கேட்டுக்கொண்டே தட்டைத் தட்டிவிட்டேன்.

கூட்டாளி வெளியே போய்விட்டான். பால்பாண்டி தட்டின் மேல் கிடந்தான். இரண்டு கையாலும் அதை வயிற்றோடு சேர்த்து அணைத்திருந்தான்.

காலித் தட்டு. ரூமில் ஒரு சிட்டிகை மருந்து கிடையாது. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நான் சொல்லாமலே எழுந்து, முற்றத்தில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டான்.

செல்வி சொன்னது

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் கம்பெனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பால்பாண்டியின் மனைவி செல்வி எங்கள் கம்பெனியிலேயே லேபிள் ஒட்டும் ஷெட்டில் இருக்கிறாள். தூக்குவாளியை மூடிவிட்டு என்னிடம் வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“அண்ணே, அவுக பந்து விளையாடக் கூடாதுன்னு நான் சொல்ல வரல” என்றாள். “விளையாடிட்டு வர்ற அன்னைக்குத்தான் வீட்டுல வாய் தெறந்து பேசுறாக. மத்த நாளெல்லாம் சாப்பிடுற தட்டை வைக்கக்கூட யோசிச்சு யோசிச்சுத்தான் வைக்கிறாக. ஆனா அவுகளுக்கு இருக்கிறது அந்த ரெண்டு கைதான். அங்கன ஒரு பழக்கம் இங்கன ஒரு பழக்கம்னு அதுக்குப் பிரிச்சுச் சொல்ல முடியாதுண்ணே.”

சொல்லிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

சாயங்காலம் அணியைக் கண்மாய்க்கரையில் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். பால்பாண்டிக்குப் பதில் வேறு ஆளைக் கோலில் நிறுத்தலாம் என்றேன். பால்பாண்டி தலையைக் குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று ஆடும் மாரிக்கனிதான் முதலில் பேசினான். அவன் குழாயில் மருந்து அடைக்கும் ஷெட்டில் வேலை பார்க்கிறவன்.

“அவரு ஓடட்டும்ணே. விழுந்ததை நாங்க காலால தட்டிவிட்டுக்கிடுதோம்” என்றான்.

அந்த வாரம் நாங்கள் எடுத்த பயிற்சியை உலகத்தில் வேறு எந்த அணியும் எடுத்திருக்காது. கோல்கீப்பர் பந்தைக் கீழே விட்டுவிட்டு ஓட வேண்டும், மாரிக்கனியும் இன்னொருவனும் பாய்ந்து வந்து அதை வெளியே உதைத்துவிட வேண்டும். ஆடு மேய்த்துக்கொண்டு போனவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, பந்து என்ன கடிக்குமா என்று கேட்டார். பால்பாண்டி செவ்வாய்க்கிழமை நாலு தடவை பாய்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை ஒரு தடவை. சனிக்கிழமை ஒரு தடவையும் பாயவில்லை. பகலெல்லாம் முற்றம் கூட்டினான், சாயங்காலமெல்லாம் ஓடினான்.

எதை வேண்டிக்கொள்வது

இறுதி ஆட்டத்துக்கு மண்டிக்காரர்களின் கூட்டம் பெருங்கூட்டம். எங்கள் பக்கமும் இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். செல்வி மேற்கு ஓரத்தில் நின்றாள். முதல் பாதியில் அவர்கள் ஒன்று, இரண்டாம் பாதியில் நாங்கள் ஒன்று. நேரம் போகப் போக எனக்கு ஆட்டத்தில் புத்தி இல்லை. பால்பாண்டியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பந்து நழுவி விழுந்து, அவன் பாய்ந்து அமுக்கினால் எங்களுக்குக் கோப்பை கிடைக்கலாம். ஆனால் மறுநாள் அவனை மருந்து ரூமுக்குள் என்னால் விட முடியாது. அடுத்த நாளும் முடியாது. ஓடினால் கோப்பை போகலாம். பயிற்சியில் சரி, சனிக்கிழமை ஓடினான். இங்கே இத்தனை பேர் கத்தும்போது, ரத்தம் சூடேறியிருக்கும்போது, கை எதை நினைவில் வைத்திருக்கும்? எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நின்றேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் மண்டிக்காரர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயர வந்தது. பால்பாண்டி எழும்பிப் பிடித்தான். அதே நேரம் அவர்களில் ஒருவன் மூட்டை சரிவதுபோல அவன் மேல் சரிந்தான். பந்து நழுவித் தரையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

பால்பாண்டியின் கை ஒரு சாண் முன்னால் போனது.

பிறகு நின்றது. அவன் கையை இழுத்துக்கொண்டான். திரும்பினான். ஓடினான். மாரிக்கனி பாய்ந்து வந்தான், ஆனால் சரிந்து கீழே கிடந்த மண்டிக்காரன் கால் தடுக்கி ஒரு அடி பிந்திவிட்டான். இன்னொரு மண்டிக்காரன் பந்தை உள்ளே தட்டினான்.

மைதானம் மறுபடியும் சிரித்தது. நான் கைதட்டினேன். தோற்றுப்போன அணியின் ஆள், பைத்தியக்காரன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் கைதட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஓடினது உங்க ஆள்தானே என்று கேட்டார். ஆமாம், எங்க ஆள்தான் என்றேன். மேற்கு ஓரத்திலும் கைதட்டல் எழுந்தது. எங்கள் பையன்களில் இரண்டு பேருக்கு மட்டும் கோபம். அவர்கள் மூன்று நாள் பால்பாண்டியிடம் பேசவில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை.

விசில் ஊதியதும் பால்பாண்டி யாரையும் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தான். செல்வியும் வந்து நின்றாள்.

“கை அதுவா முன்னால போச்சுலே. நீ பாத்தியா?” என்றான்.

“பாத்தேன்.”

“பெறகு இழுத்துட்டேன்.”

“அதையும் பாத்தேன்.”

“நாளைக்கு நாலாம் ரூமுக்குள்ள விடுவியா?”

“முதல்ல தட்டைத் தட்டுவேன். கை நகராம ஓடுனாத்தான் விடுவேன்.”

“ஓடுவேன்” என்றான்.

செல்வி அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் அப்படிப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். மண்டிக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். வேன் வரும் வரைக்கும் அவள் அந்தக் கையை விடவில்லை.